பூச்சியமா ஓவா: வன்னியில் மோட்டார் சைக்கிள் கடதாசிகளோடு மல்லுக்கட்டுதல்

இலங்கையில் வாகனம் ஓட வருடாவருடம் எடுக்கிற அனுமதிதான் வரிப்பத்திரம். அதைப் புதுப்பிப்பது பத்து நிமிட வேலை என்று எல்லாரும் சொல்வார்கள். கடதாசிகள் ஒன்றோடொன்று பொருந்தினால் பத்து நிமிடம்தான். இந்தமுறை பிரதேச செயலகக் கவுண்டரில் இழுபட்டதற்குக் காரணம் காசும் இல்லை, வரிசையும் இல்லை. இன்சூரன்ஸ் பத்திரத்தில், செஸி (சட்டகம்) இலக்கத்தின் நடுவே பூச்சியம் வரவேண்டிய இடத்தில் ஆங்கில ‘ஓ’ அடிபட்டிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. “சிஸ்டம் எடுக்குதில்ல, இன்சூரன்ஸ்காரரிட்டக் குடுத்துத் திருத்திக்கொண்டு வாங்கோ” என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எது பிழை என்று விரல் வைத்துக் காட்டக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை. சீ.ஆர். எனும் வாகனப் பதிவுச் சான்றிதழையும் இன்சூரன்ஸையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்துத்தான் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இதைக் கவுண்டருக்குப் போக முதலே வீட்டில் பிடித்துவிடலாம். இப்போதைய இந்திய மோட்டார் சைக்கிள்களின் செஸி இலக்கத்தில் எழுத்தும் எண்ணுமாக 17 இருக்கும். அந்த 17க்குள் ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே கூடாது என்பது உலகம் முழுவதற்குமான விதி. ஆகவே வட்டமாகத் தெரிந்தால் அது பூச்சியம், நேர்கோடாகத் தெரிந்தால் ஒன்று. யோசிக்க ஒன்றுமில்லை. பஜாஜ் என்றால் எம்.டி.2, டி.வி.எஸ். என்றால் எம்.டி.6, ஹீரோ என்றால் எம்.பி.எல். என்று தொடங்கும். முதல் மூன்றுமே பிழைத்திருந்தால் மிச்சத்தைப் பார்க்கவே தேவையில்லை. அடுத்ததாக 8க்கும் பி-க்கும், 5க்கும் எஸ்-க்கும் இடையில் தடுமாற்றம் வரும். பழைய ஹீரோ ஹொண்டா போன்றவற்றின் இலக்கம் வேறு அமைப்பு. அவற்றுக்கு சீ.ஆர்.இல் உள்ளதுதான் வேதவாக்கு.

இன்சூரன்ஸ் முகவருக்கு வாட்ஸ்அப்பில் மங்கல் படம் அனுப்பினால் இப்படித்தான் வரும். சீ.ஆர்.ஐப் பகல் வெளிச்சத்தில் மேசையில் விரித்து வைத்துப் படம் எடுங்கள். பத்திரம் வந்ததும் பதிவு இலக்கம், செஸி, எஞ்சின், தொடங்கும் திகதி நான்கையும் ஒப்பிட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். பிழையைப் பேனையால் வெட்டி எழுதி ஒப்பம் வைத்துத் தருகிற முகவர்களும் இருக்கிறார்கள். அதை வாங்காதீர்கள். நிறுவனத்தின் கணினியில் திருந்தாமல் கடதாசியில் மட்டும் திருந்தினால், கவுண்டரில் திரும்பவும் அதே பதில்தான் கிடைக்கும்.

ஒழுங்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: முதலில் இன்சூரன்ஸ், பிறகு புகைப் பரிசோதனை, கடைசியில் வரிப்பத்திரம். ஆள் மாட்டுப்படுவது திகதியில். சைக்கிளின் முன்பக்கம் கண்ணுக்குத் தெரிவது வரிப்பத்திரம் மட்டும். அதில் இன்னும் ஏழு, எட்டு மாதம் கிடக்கிறது என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருப்போம். இன்சூரன்ஸ் எப்போதோ முடிந்திருக்கும். வரிப்பத்திரம் கொடுக்கிறவர்கள் பார்ப்பது அன்றைக்கு இன்சூரன்ஸ் செல்லுமா என்பதை மட்டுமே, வருடம் முழுக்க ஓடுமா என்பதை அல்ல. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் தபால் கந்தோரில் கட்டிவிட்டு வருகிற தண்டம் இல்லை, நேரே நீதிமன்றம். அங்கே 25,000 ரூபாயில்தான் கணக்கே தொடங்கும். ஆகவே மூன்றையும் ஒரே மாதத்துக்குள் முடியுமாறு கொண்டுவாருங்கள். ஒருமுறை இன்சூரன்ஸைக் கொஞ்சம் முந்திப் புதுப்பித்து, சில வாரம் நட்டப்பட்டால் சரி.

கவர் நோட்டோடு திரிகிறவர்களுக்கும் இது பொருந்தும். அது தற்காலிகத் துண்டு. அதிலுள்ள திகதி முடிந்தால் காசு கட்டினோம் என்ற கதை தெருவில் எடுபடாது. நிரந்தரப் பத்திரத்தைத் துரத்திப்பிடித்து வாங்குவது நம் வேலை, முகவர் கொண்டுவந்து தரமாட்டார்.

புகைப் பரிசோதனையில் கார்பரேட்டர் சைக்கிள்கள் ‘பெயில்’ ஆவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால். முதலாவது சோக். காலையில் இழுத்த சோக் அரைகுறையாக நின்றால் கலவையில் பெற்றோல் கூடி, காபன் மொனொக்சைட்டு ஏறிவிடும். வாசலிலேயே லீவரைத் தட்டிப் பாருங்கள். இரண்டாவது எயார் ஃபில்டர். கிரவல் ஒழுங்கைகளில் ஓடுகிற சைக்கிளுக்கு ஃபில்டர் அடைபடுவது கம்பனிப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீற்றருக்கு வெகு முன்பே நடந்துவிடும். ஊதித் துடைத்துப் பயனில்லாத கட்டம் என்றால் புதிதாகப் போடுங்கள். மூன்றாவது சைலென்சர். வளைவில் துருப்பிடித்த ஓட்டையோ, எஞ்சினோடு சேருமிடத்தில் கஸ்கட் ஒழுக்கோ இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு பிழைக்கும்.

பிறகுதான் காற்று-பெற்றோல் கலவையைச் சரிசெய்கிற திருகாணி. இங்கேதான் பொடியன்கள் தலைகீழாகத் திருகிக் கெடுக்கிறார்கள். திருகாணி கார்பரேட்டரின் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகாணி, வெளியே திருப்பத் திருப்பப் பெற்றோல் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோல் திருகாணி, உள்ளே திருப்பத்தான் குறையும். மெதுவாக, இறுக்காமல் அடிவரை திருப்பி, அங்கிருந்து எண்ணிக்கொண்டு வெளியே வாருங்கள். பெரும்பாலான சின்ன சைக்கிள்கள் ஒன்றரைச் சுற்றுக்கும் இரண்டரைச் சுற்றுக்கும் இடையில் சரிவரும். காபன் மொனொக்சைட்டைக் குறைக்கிறோம் என்று ஒரேயடியாகப் பெற்றோலை மட்டுப்படுத்தினால் எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கும், எரியாத பெற்றோல் வெளியே வந்து, பரிசோதனையில் பார்க்கிற மற்ற அளவான ஐதரோகாபன் ஏறும். பரிசோதனைக்குக் குளிர்ந்த எஞ்சினோடு போகவே வேண்டாம். நடமாடும் சேவை ஊருக்கு வருகிற நாளில் பக்கத்து வீட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம் ‘பெயில்’ ஆவது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிச் சூடாக்கிக்கொண்டு போய் நிறுத்துங்கள்.

புகைச் சான்றிதழ் வரிப்பத்திரம் எடுக்க மட்டும்தான் என்று நினைத்து வீட்டு அலுமாரியில் வைக்கிறார்கள். தெருவில் அதையும் கேட்பார்கள். கையில் இல்லாததற்கு 500 ரூபாய் தண்டம். வரிப்பத்திரமோ சாரதி லைசன்ஸோ கையில் இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் 1,000. வீட்டில் இருக்கிறது, எடுத்துவந்து காட்டுகிறேன் என்பது அங்கே செல்லாது. ‘கொண்டுசெல்லவில்லை’ என்பதே குற்றம்.

வரிப்பத்திரத்தைக் கொழுவுகிற கூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் விற்கிற பிளாஸ்ரிக் கூடு ஒரு சித்திரை வெயிலில் வெடிக்கும், ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் இறங்கும். மை கரைந்து திகதி போனால் பத்திரம் இருந்தும் இல்லாத கணக்கு. பழைய ரியூபில் மூடியின் அளவுக்கு ஒரு வளையம் வெட்டி மூடிக்கும் கூட்டுக்கும் இடையில் வைத்து இறுக்கினால் தண்ணீர் போகாது. மடிக்கும்போது முடிவுத் திகதியும் பதிவு இலக்கமும் வெளியே தெரிய வேண்டும். லமினேற் பண்ணாதீர்கள், வெயில் பட்டால் சில மையெல்லாம் பிளாஸ்ரிக்கோடு ஒட்டிக்கொள்ளும். போனில் ஒரு படம், வீட்டில் ஒரு போட்டோக்கொப்பி வைத்திருங்கள்.

இனி, வன்னிக்கே உரிய தலையிடி: சைக்கிள் ஒருவர் பெயரில், ஓடுகிறவர் இன்னொருவர். வருடாந்த வரிப்பத்திரம் எடுக்க உரிமையாளர் நேரில் வரத் தேவையில்லை. அதனால் பெயர் மாற்றாமலே வருடக்கணக்காக ஓடிவிடலாம், ஓடுகிறார்கள். ‘ஓப்பின் பேப்பர்’ என்று ஒப்பம் வைத்த வெற்றுப் படிவத்தோடு நான்கு கை மாறிய சைக்கிள்கள் இங்கே கொஞ்சநஞ்சம் இல்லை. சட்டப்படி விற்றவர் எம்.டி.ஏ. 6 படிவத்தையும் வாங்கியவர் எம்.டி.ஏ. 8 படிவத்தையும் 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். வாங்கியவர் கொடுக்காமல் விட்டாலும் விற்றவர் தன் பங்கைக் கொடுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் அந்தச் சைக்கிள் ஆளை இடித்துவிட்டு ஓடினால் பொலிஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் படலையில்தான். உரிமையாளர் கனடாவிலோ பிரான்ஸிலோ என்றால் அற்றோனித் தத்துவம் (அவருக்காக ஒப்பம் வைக்கும் அதிகாரப் பத்திரம்) இல்லாமல் காரியம் நடக்காது. அவர் லீவில் வந்து நிற்கிற நேரத்தில் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போக முதல் ஒப்பங்களை முடித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் மாற்றிய சைக்கிள்களும் அப்படியே. 2020 முதல் வாகன இறக்குமதி நின்ற காலத்தில் பழையதைப் பழையதால் ஒட்டித்தான் ஓடினோம். வேறு சைக்கிளின் கிராங் கேஸை (எஞ்சினின் அடிக்கூட்டை) போட்டால் எஞ்சின் இலக்கமும் மாறிவிடும். சீ.ஆர்.இல் பதியாமல் ஓடினால், ரோர்ச் அடித்துக் குனிந்து பார்க்கிற ஒரு பொலிஸ்காரர் போதும், களவுச் சைக்கிள் என்ற சந்தேகத்தில் ஸ்ரேசனில் நிற்க வேண்டிவரும். வாங்கிய இடத்துப் பற்றுச்சீட்டைத் தொலைக்காமல், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியுங்கள். இலக்கம் சரியாக இருந்தும் வயல் சேறு அப்பி வாசிக்க முடியாமல் மினக்கெட்டவர்களும் உண்டு. மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பல்தூரிகையால் தேய்த்தால் போய்விடும்.

சாரதி லைசன்ஸில் இரண்டே விடயம். ஏ1 வகை 100 சிசி வரைதான். அதை வைத்துக்கொண்டு அதைவிடப் பெரிய பல்சர் ஓடினால் லைசன்ஸ் இருந்தும் குற்றம். லைசன்ஸின் முகப்பில் 4பி என்ற இடத்தில் இருப்பது முடிவுத் திகதி. எட்டு வருடம் என்பதால் எல்லாரும் மறக்கிற திகதி அதுதான்.

பொலிஸ் மறிக்கிற இடத்தில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கையைக் கண்டதும் சிக்னல் போட்டு இடப்பக்கம் ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெற் கண்ணாடியைத் தூக்குங்கள். தூரத்தில் கண்டு திருப்பிக்கொண்டு ஓடுவதைப்போல மோசமான யோசனை இல்லை. ஓடுகிறவனைத் துரத்த இன்னொரு சைக்கிள் பக்கத்து மரத்தடியில் நிற்கும். கேட்டதை மட்டும் கொடுங்கள். முழு உறையையும் தூக்கிக் கொடுத்தால் கேட்காததிலும் பிழை தேடப்படும். அசல் சீ.ஆர். வீட்டிலோ லீசிங் கம்பனியிலோ இருக்கட்டும், கொப்பி காணும். லைசன்ஸ் மட்டும் அசல். “சேர்” என்று தொடங்கித் தமிழில் பேசலாம், பயப்படத் தேவையில்லை. தமிழும் அரச கரும மொழிதான். என்ன குற்றம் என்று விளங்காவிட்டால் எழுத முதல் கேளுங்கள், எழுதிய பிறகு கேட்டுப் பலனில்லை. தண்டம் எழுதாமல் ‘இங்கேயே பார்த்து முடிப்போம்’ என்ற கதை வந்தால் சீட்டையே எழுதித் தரச் சொல்லுங்கள். இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954 போனில் இருக்கட்டும்.

தண்டச் சீட்டு எழுதினால் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள். 14 நாளுக்கு அந்தச் சீட்டுத்தான் லைசன்ஸ். அதற்குள் தபால் கந்தோரில் கட்ட வேண்டும். தவறினால் 28ஆம் நாள் வரை இரட்டிப்பு, அதற்குப் பிறகு நீதிமன்றம். 14 நாள் என்றால் சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) எல்லாம் சேர்த்துத்தான்.

எரிச்சல் வருவது இதற்குப் பிறகு. காசை எந்தத் தபால் கந்தோரிலும் கட்டலாம், ஆனால் லைசன்ஸ் எழுதிய பொலிஸ் நிலையத்தில்தான் கிடைக்கும். முல்லைத்தீவுக்காரர் வவுனியாவில் மாட்டுப்பட்டால் பற்றுச்சீட்டோடு ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று ஏ34இல் வந்து ஏ9 ஏறித் திரும்பவும் வவுனியாவுக்கே போக வேண்டும். தண்டத்தைவிடப் பெற்றோல் காசும் ஒரு நாள் கூலியும் கூட. அன்றே அந்த ஊரிலேயே தபால் கந்தோர் திறந்திருந்தால் உடனே கட்டிவிட்டு ஸ்ரேசனுக்குப் போய்ப் பாருங்கள். எழுதிய பொலிஸ்காரர் பணி முடிந்து வந்து தண்டச் சீட்டுப் புத்தகத்தை ஒப்படைக்கும்வரை லைசன்ஸ் அங்கே வந்திருக்காது. ஆகவே எத்தனை மணிக்கு வருவார் என்று அவரிடமே கேட்டுவைப்பது புத்தி. 2025இல் தொடங்கிய கவ்பே என்ற அரச இணையக் கட்டணச் சேவை மூலம் போனிலேயே கட்டக்கூடிய இடமென்றால் லைசன்ஸை அந்த இடத்திலேயே திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம். சீட்டு எழுத முதல் அதைக் கேளுங்கள், அவர்களாகச் சொல்வது குறைவு.

ஸ்ரேசனில் லைசன்ஸ்களை றப்பர் போட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள். கொப்பியில் ஒப்பம் வைக்க முதல் கையில் தந்ததைத் திருப்பிப் படத்தையும் பெயரையும் பாருங்கள். ஒப்பம் வைத்த பிறகு, அது வேறு யாருடையதோ என்று சொன்னால் அந்தக் கட்டை இன்னொருமுறை அவிழ்க்க யாருக்கும் நேரம் இருக்காது.