மைனஸ் 62

"தங்கச்சி, மூணு தடவ சென்சார மாத்தியாச்சு. இனியும் ஏறச் சொன்னா நீயே வந்து ஏறு, கேட்டியா?"

போன ஆடி மாசம், காற்றாலை மேலே ஏறிப் பழுது பார்க்கும் தோவாளை அண்ணன் ஆரல்வாய்மொழியிலிருந்து போனில் கத்தியது இது. அங்கே கத்தினால்தான் கேட்கும். தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய்க்குள் நெருக்கியடித்துப் புகுந்து முப்பந்தல் பக்கம் வெளியே வருகிறது. காற்றாலைக்காரர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். அப்போது போய் ஒரு மிஷினை நிறுத்தி மேலே ஆள் ஏற்ற வேண்டும் என்றால் முதலாளி முகம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஒருநாளும் மேலே ஏறியதில்லை. எனக்கு உயரம் ஆகாது. மாத்தூர் தொட்டிப்பாலத்திலேயே பாதி வழியில் திரும்பியவள். நாகர்கோவிலில் செட்டிகுளம் பக்கம் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, காற்றாலையின் உச்சிக் கூண்டுக்குள் இருக்கும் கண்காணிப்பு போர்டுக்கு லினக்ஸ் டிரைவர், அதாவது லினக்ஸ் அந்த வன்பொருளோடு பேச உதவும் நிரல், எழுதுவது என் வேலை. கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடு, அதிர்வு என்று மொத்தம் எட்டு சென்சார். நொடிக்கு ஒருமுறை எட்டையும் படித்துக் கீழே அனுப்பிவிட வேண்டும். அந்த ஒரு மிஷினில் மட்டும் சில நேரம் ஒரு நொடி வேலை இரண்டு நொடி எடுத்தது. நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாகைத் திறந்தால் எண்ணெய்ச் சூட்டுக்கு நேராக மைனஸ் 62, மைனஸ் 62, மைனஸ் 62.

மைனஸ் 62 என்றால் லினக்ஸின் உட்கருவான கெர்னலின் பாஷையில் 'நேரம் முடிந்தது, பதில் வரவில்லை'. கிணற்றில் போட்ட கல். இதைப் பார்த்துத்தான் சென்சார் செத்துவிட்டது என்று நான் சொன்னேன், அண்ணன் ஏறினார், மாற்றினார். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கதை.

கொஞ்சம் உள்ளே போனால்தான் மிச்சம் புரியும். எங்கள் சிப்புக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். லினக்ஸ் ஓடும் பெரிய கோர் (சிப்பின் மூளை) ஒன்று, சென்சார்களோடு நேராகப் பேசும் சின்ன கோர் ஒன்று. இரண்டு பேருக்கும் நடுவில் மெயில்பாக்ஸ். கேட்க வேண்டியதைப் பொதுவான மெமரியில் எழுதி வைத்துவிட்டு டோர்பெல் ரிஜிஸ்டர் என்ற சின்ன நினைவு அறையைத் தட்டினால் அந்தப் பக்கம் இன்டரப்ட், அதாவது 'இங்கே கவனி' என்ற சைகை, போகும். வேலை முடிந்ததும் அந்தப் பக்கம் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் பிட் 0 என்ற குறியை வைத்துவிட்டு நமக்கு இன்டரப்ட் அனுப்பும். லினக்ஸில் இதற்கென்று ஒரு பொது ஏற்பாடு 2014 கடைசியில், 3.18 பதிப்பில் வந்தது. ஒரு சேனலில், அதாவது கோரிக்கை போகும் ஒரு பாதையில், ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான் வெளியே இருக்கலாம். அது முடிந்ததென்று யாராவது சொன்னால்தான் அடுத்தது நகரும். இன்டரப்ட் மூலம் டிரைவர் சொல்லலாம், டைமர் வைத்து அவ்வப்போது எட்டிப் பார்த்துச் சொல்லலாம், அல்லது கேட்டவரே 'எனக்குப் பதில் வந்துவிட்டது' என்று சொல்லலாம். எங்களுடையது இன்டரப்ட். அரை நொடி வரை காத்திருக்கும். வராவிட்டால் மைனஸ் 62. அதற்கு மேலே இருக்கும் நிரல் மூன்று முறை முயலும். ஆக ஒன்றரை நொடி அங்கேயே போய்விட்டது; மற்ற ஏழு சென்சாரும் பின்னால் நின்றன.

முதலில் சின்ன கோர் தூங்குகிறதோ என்று சந்தேகப்பட்டேன். தூங்கவில்லை. மேசையில் இருந்த போர்டில் சென்சார் வயரைப் பிடுங்கிவிட்டு, இன்டரப்ட் லைனில், மின் துடிப்பைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். கேட்ட நாலாவது மில்லிசெகண்டில் துடிப்பு அழகாக வருகிறது. அப்படியென்றால் பதில் வருகிறது, லினக்ஸ் காதில் வாங்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு நாள் முழுக்க வீணானது. கெர்னலில் ஒவ்வொரு இன்டரப்டுக்கும், யாரும் ஏற்றுக்கொள்ளாமல் போனவற்றின் கணக்கு ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். திறந்தேன்: 1. எப்போதோ போர்டு கிளம்பும்போது நடந்திருக்கும் என்று மூடிவிட்டேன். மறுநாள் வேறு எதையோ பார்க்கத் திறந்தபோதும் 1 என்றே இருந்தது, ஆனால் கீழே 'கடைசியாக ஏற்றுக்கொள்ளாத நேரம்' மாறியிருந்தது. அப்புறம்தான் கெர்னல் மூல நிரலுக்குள் போய்ப் பார்த்தேன். ஏற்கப்படாத இரண்டு இன்டரப்டுகளுக்கு நடுவே பத்தில் ஒரு நொடிக்கு மேல் இடைவெளி இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டாமல் மறுபடி 1 என்றே வைக்கிறது. கெர்னல் தேடுவது வெள்ளம்போல் வரும் இன்டரப்டை. லட்சத்தில் 99,900-க்கு மேல் அனாதையாக வந்தால் அந்த லைனையே அடைத்துவிடும். அரை நொடிக்கு ஒன்றாகச் சொட்டும் எங்கள் கேஸ் அதன் கண்ணில் எப்போதும் '1' தான்.

சரி, யார் ஏற்றுக்கொள்ளவில்லை? டிரைவரின் இன்டரப்ட் பகுதியைத் திறந்தேன். ஸ்டேட்டஸைப் படிக்கிறது, பிட் 0 இல்லாவிட்டால் 'இது என்னுடையது இல்லை' என்று திரும்பிவிடுகிறது. இதை எழுதிய புண்ணியவான் யாரென்று, எந்த வரியை யார் எழுதினார் என்று பதிந்து வைக்கும் கிட்டில் தேடினால், நான்தான். நான் எழுதிய காலத்தில் சின்ன கோருக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர், நல்லதோ கெட்டதோ, பிட் 0-ஐத்தான் வைக்கும். பின்னால் வந்த பதிப்பில் தோல்விக்கென்று பிட் 1-ஐக் கொண்டுவந்திருக்கிறார்கள். தோற்றால் பிட் 1 மட்டும், பிட் 0 கிடையாது. மேனுவலில் இருக்கிறது. நான் படிக்கவில்லை.

அதாவது மூன்று மாதமாகச் சின்ன கோர் ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டி 'முடியல' என்று சொல்லியிருக்கிறது. டிரைவர் கதவைத் திறந்து, 'நீ எங்க வீட்டு ஆளில்லை' என்று சாத்தியிருக்கிறது. அப்புறம் உள்ளே போய் 'யாருமே வரல்ல' என்று லாகில் எழுதியிருக்கிறது.

இரண்டு பிட்டையும் பார், பிட் 1 இருந்தால் மைனஸ் 5 என்று சொல். ஒரு வரித் திருத்தம் என்று நினைத்தேன். மைனஸ் 5 என்றால் உள்ளீடு வெளியீட்டுப் பிழை: பதில் வந்தது, பதில் 'இல்லை' என்பது. கீழே இறங்கி ஒரு சாயாவும் ரசவடையும் சாப்பிட்டுவிட்டு வந்து ஓட்டிப் பார்த்தால், தோல்வி நாலு மில்லிசெகண்டில் முடிகிறது, ஆனால் மேலே இருக்கும் நிரல் 'வெற்றி' என்று எடுத்துக்கொண்டு பழைய சூட்டையே திரும்ப அனுப்புகிறது! முன்பாவது தாமதமான உண்மை. இப்போது உடனடிப் பொய். அந்த ரசவடை செரிக்கவே இல்லை.

காரணம் இது: நாங்கள் வைத்திருக்கும் கெர்னலில், காத்திருந்து அனுப்பும் முறையில், டிரைவர் கொடுக்கும் பிழை எண் அனுப்பும் ஃபங்ஷனின் திரும்பு மதிப்பாக வருவதில்லை. அது 'முடிந்ததா, நேரம் போனதா' என்பதை மட்டும்தான் சொல்லும். எப்படி முடிந்தது என்பது, கேட்டவர் பதிவு செய்து வைத்த கால்பேக்குக்குத்தான் (முடிந்ததும் கெர்னல் திரும்பக் கூப்பிடும் ஃபங்ஷன்) போகும். நாங்கள் கால்பேக்கே வைக்கவில்லை. வைத்து, பிழையை அதில் குறித்துக்கொண்டு, காத்திருப்பு முடிந்ததும் அதைப் பார்க்கும்படி மாற்றினேன். மைனஸ் 5-க்கு மூன்று முறை முயல வேண்டாம் என்றும் சேர்த்தேன். இல்லை என்றவனிடம் உடனே இன்னும் இரண்டு தடவை கேட்பதில் என்ன இருக்கிறது.

இந்தத் தொல்லையே வேண்டாம், டைமர் வைத்து எட்டிப் பார்க்கும் முறைக்குப் போய்விடலாமே என்று கூட வேலை செய்யும் பையன் கேட்டான். அதில் டிரைவர் ஆம், இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஆம் என்றால் கெர்னல் அதைப் பிழையற்றது என்றே கணக்கில் எடுக்கும். தோல்வியைச் சொல்ல அங்கே இடமே இல்லை.

காத்திராமல் அனுப்பும் முறையோ இன்னும் மோசம். அதில் கெர்னல் பக்கம் டைம்அவுட்டே கிடையாது. முடிந்ததென்று யாரும் சொல்லாவிட்டால் சேனல் அப்படியே உறைந்துபோகும், பின்னால் 20 பேர் நிற்கும் வரிசை நிறையும், 'வரிசையின் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள்' என்று கெர்னல் லாகில் ஆலோசனை சொல்லும். அந்த ஆலோசனையைக் கேட்டு 20-ஐ 64 ஆக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் உண்டு. நானும் ஒருத்தி, வேறொரு போர்டில்.

இன்னும் இரண்டு இடம் இடித்தது. ஒன்று, ஸ்டேட்டஸ் பிட்டை எப்போது அழிப்பது என்பது. 'முடிந்தது' என்று கெர்னலிடம் சொல்லிவிட்டு அப்புறம் அழித்துக்கொண்டிருந்தேன். ஆனால் முடிந்தது என்று சொன்ன மூச்சிலேயே கெர்னல் வரிசையில் நிற்கும் அடுத்த கோரிக்கையை அனுப்பிவிடுகிறது. சின்ன கோர் சுறுசுறுப்பாக அதையும் முடித்து பிட்டை வைத்தால், நான் நிதானமாக வந்து புதிய பதிலைத் துடைத்துப் போட்டுவிடுவேன். அதனால் முதலில் படி, படித்த பிட்டை மட்டும் அழி, அப்புறம் சொல். வரிசை மாறக் கூடாது.

இன்னொன்று தாமதமாக வரும் பதில். ஒரு கோரிக்கை அரை நொடி தாண்டிச் செத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் அதைக் கைகழுவிவிட்டு அடுத்ததை அனுப்புகிறது. அப்போது பழையதன் பதில் பைய வந்து சேருகிறது. பிட்டில் பெயரா எழுதியிருக்கிறது? அடுத்ததன் பதில் என்றே டிரைவர் எடுத்துக்கொள்ளும். எண்ணெய்ச் சூடு அதிர்வின் கணக்கில் ஏறும். இதற்கு ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பிலும் ஒரு வரிசை எண் போட்டு, சின்ன கோர் அதையே திருப்பி எழுதும்படி ஃபர்ம்வேர்காரர்களிடம் கெஞ்சி வாங்கினேன். எண் பொருந்தாவிட்டால் பிட்டை அழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அவர்கள் பக்கம் பத்து வரி வேலைதான். கெஞ்ச எடுத்தது இரண்டு வாரம்.

புது டிரைவரை அந்த மிஷினுக்கு ஏற்றிய அன்று சாயங்காலமே மைனஸ் 5 வந்தது. கூடவே, இவ்வளவு நாள் யாரும் படிக்காமல் கிடந்த ஃபர்ம்வேரின் காரணக் குறியும் வந்தது: சென்சார் பக்கம் யாரும் பதில் தரவில்லை. காற்று கூடும்போது வருகிறது, காற்று தணிந்தால் போய்விடுகிறது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

"சென்சார விடுங்க அண்ணா. போர்டு பக்கம் கனெக்டரக் கழத்திப் பாருங்க."

"இத மூணு மாசத்துக்கு முன்ன சொல்லப்படாதா மக்கா?"

மறுநாள் காலை ஒரு போட்டோ அனுப்பினார். கனெக்டரில் மூன்றாவது பின் பாசி பிடித்ததுபோல் பச்சையாக இருந்தது. கூண்டு ஆடும்போது தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது.

அடுத்த வாரம் எங்கள் மாடிக்கு வந்தவர் ஒரு பாளையங்கோட்டன் வாழைக்குலையையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் மேசையில் வைத்தார். பைக்குள் அவர் கழற்றிய மூன்று சென்சார்கள். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். மூன்றும் அறையின் சூட்டைச் சரியாகச் சொல்லின, 31 டிகிரி.