பாதியில் உறையும் படம்: சின்ன ட்ரோனில் வீடியோ சிக்னலைத் தேடிய இரண்டு வாரம்

கைகளை மடக்கினால் உள்ளங்கையில் அடங்கிவிடும் ட்ரோன் என்னுடையது. ஜிபிஎஸ் கிடையாது. ரிமோட்டின் மேல் போனை மாட்டிக்கொண்டால் கேமரா படம் வைஃபை வழியாகப் போனில் தெரியும். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடிவரை, அதாவது சுமார் 80 மீட்டர், பலமுறை அனுப்பியிருக்கிறேன். படம் தடுமாறியதே இல்லை. நடுவில் ஒரு மோட்டார் சூடேறி நின்றுபோக, புதிது வாங்கி நானே மாற்றினேன். அதன் பிறகு முதல்முறை மைதானத்துக்குக் கொண்டுபோன சனிக்கிழமைதான் இது ஆரம்பித்தது.

25 மீட்டர் போயிருக்கும். திரையில் மரக்கிளை ஒன்று பாதி தெரிந்தபடி படம் அப்படியே நின்றுவிட்டது. இந்த இடத்தில் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நின்றுபோன படம் கடந்துபோன நொடியின் படம். அதைப் பார்த்து ஸ்டிக்கை நகர்த்தினால் ட்ரோன் எங்கே போய் மோதும் என்று சொல்ல முடியாது. ஸ்டிக்கை நடுவில் விட்டுவிட்டுக் கண்ணைத் திரையிலிருந்து எடுத்து நேராக ட்ரோனைப் பாருங்கள். என்னுடையது உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், ஆனால் காற்றடித்தால் நகரும். முன்னோக்கி லேசாக ஒரு தட்டு தட்டினால் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் பொறுமையாகத் திருப்பிக் கொண்டுவரலாம். அன்றைக்கு அப்படித்தான் இறக்கினேன்.

இறக்கியதிலேயே ஒரு தடயம் கிடைத்தது. படம் போன பிறகும் ரிமோட் சொன்னபடி ட்ரோன் கேட்டது. என் ட்ரோனில் ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் ஒரு தொடர்பு, கேமராவுக்கும் போனுக்கும் இன்னொரு தொடர்பு. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான், ஆனால் தனித்தனி ரேடியோ. அதனால் ரிமோட்டை மறுபடி இணைப்பது, ஸ்டிக்கை அளவீடு செய்வது எல்லாம் இதற்கு மருந்தே இல்லை. தேட வேண்டியது கேமரா போர்டிலிருந்து போன் வரை உள்ள பாதையில் மட்டும்.

முதலில் போன் மேல் சந்தேகப்பட்டேன். அதில் பாதி உண்மையும் இருந்தது. ட்ரோன் தரும் வைஃபையில் இன்டர்நெட் இருக்காது. சில போன்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது உபயோகமில்லாத வைஃபை என்று முடிவுகட்டி மொபைல் டேட்டாவுக்கோ, தெரிந்த வேறொரு வைஃபைக்கோ தாவிவிடும். என் போனும் அதைச் செய்தது: ட்ரோனைக் காலடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்திருந்தாலே இரண்டு மூன்று நிமிடத்தில் படம் போனது. ஏரோப்ளேன் மோடில் போட்டு, அதற்குப் பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்தேன். அமைப்புகளில் வைஃபையிலிருந்து டேட்டாவுக்குத் தானாக மாறும் வசதியை அணைத்தேன். பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து ட்ரோன் ஆப்பை விலக்கினேன். அதோடு காலடியில் போவது நின்றது. 25 மீட்டரில் போவது மட்டும் நிற்கவில்லை.

ஆக, என் கையில் இருந்தது இரண்டு கோளாறு. ஒன்றோடொன்று கலந்து வந்ததால் ஒரே கோளாறு மாதிரி தெரிந்திருக்கிறது.

இங்கேதான் போனின் ஸ்க்ரீன் ரெக்கார்டர் கைகொடுத்தது. பறக்கவிடும்போது திரையையும் பதிவு செய்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். போன் தாவியதால் போன படம் சட்டென்று அறுந்திருந்தது, அதற்கு முந்தைய நொடிவரை பளிச்சென்று இருந்தது. தூரத்தால் போன படம் அப்படி இல்லை. முதலில் அசைவு பிந்தியது, அப்புறம் கட்டம் கட்டமாகச் சிதறியது, கடைசியில் நின்றது. ட்ரோன் பத்தடி நெருங்கியதும் தானாக உயிர் வந்தது. படம் போகிற விதத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இதை முதல் நாளே செய்திருந்தால் எத்தனையோ மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு நல்ல சாட்சி ட்ரோனுக்குள் இருக்கும் மெமரி கார்டு. போனில் படம் நின்ற அந்த நொடிகள் கார்டில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். ஒரு நொடி விடாமல் இருந்தன. மரக்கிளை, அதைத் தாண்டி வேலி, நான் தலை நிமிர்ந்து பார்ப்பது வரை எல்லாம். அப்படியென்றால் கேமரா நலம், அதன் ரிப்பன் கேபிள் நலம், போர்டும் நடுவில் அணையவில்லை. படம் உருவாகிறது, வந்து சேரத்தான் இல்லை.

மறுநாள் பறக்கவிடாமலே சோதித்தேன். ப்ரொப்பெல்லர் நான்கையும் கழற்றி, ட்ரோனை ஒரு மர ஸ்டூல் மேல் வைத்து ஆன் செய்து, போனில் வைஃபை அளக்கும் ஆப்போடு நடக்க ஆரம்பித்தேன். இந்த ஆப்கள் சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற கணக்கில் மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 50 அருமை, மைனஸ் 70 சுமார், மைனஸ் 80 தொட்டால் வீடியோவுக்குத் தேறாது. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல், அதாவது இந்த எண்ணில் 6, குறையும் என்பது பாடக் கணக்கு. பத்து மீட்டரில் மைனஸ் 64 காட்டியது. இருபதில் 71. கணக்குப்படிதான் குறைகிறது, ஆனால் ஆரம்பமே பலவீனமாக இருக்கிறது. வீட்டு வைஃபை ரூட்டரை அதே பத்து மீட்டரில் அளந்தபோது மைனஸ் 50க்குப் பக்கத்தில் இருந்தது. ரூட்டரையும் பொடி ட்ரோனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாதுதான். இருந்தாலும் போன் சரியாகத்தான் கேட்கிறது என்பதற்கு அது போதுமான ஆதாரம்.

அப்படியே நின்று சில விஷயங்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒரு தடவைக்கு ஒன்று. போனைப் படுக்கவாக்கில் பிடித்து இரண்டு முனையையும் உள்ளங்கையால் மூடினால் ஐந்தாறு டெசிபல் போனது, ஏனென்றால் பல போன்களில் ஆன்டெனாக்கள் அந்த ஓரங்களில்தான் இருக்கின்றன. ட்ரோனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால் பத்து டெசிபலுக்கு மேல் இறங்கியது. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே விழுங்கும். ரிமோட்டை ஆன் செய்து போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தபோது அளவு பெரிதாக மாறவில்லை, ஆனால் படம் கொஞ்சம் கூடுதலாகத் திக்கியது. ஒரே அலைவரிசையில் ஒருவர் காதருகே கத்தும்போது தூரத்துக் குரல் கேட்பது கஷ்டம்தானே. சுற்றியிருக்கும் வீட்டு வைஃபைகள் பெரும்பாலும் 1, 6, 11 சேனல்களில் இருக்கும். என் ட்ரோன் நெரிசலான 6ல் உட்கார்ந்திருந்தது, அதை மாற்ற ஆப்பில் வழி இல்லை.

வைஃபை ரிப்பீட்டர் ஒன்றும் கையில் இருந்தது, அதையும் போட்டுப் பார்த்தேன். தூரம் கூடியது, ஆனால் படம் ஒரு நொடிக்கும் மேல் பிந்தி வந்தது. பிந்திய படத்தை வைத்து ட்ரோன் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எடுத்து வைத்துவிட்டேன்.

புதன் இரவு ட்ரோனைத் திறந்தேன். அடிப்பக்கம் ஆறு ஸ்க்ரூ, அவற்றில் இரண்டு நீளம் கூடியவை, இடம் மாறக் கூடாது. பேட்டரியைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கினால் கேமரா போர்டு தெரிகிறது. அதன் ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் நூல்போல ஒரு ஒயர் புறப்படுகிறது. அதுதான் வைஃபை ஆன்டெனா. ஒயர் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. பெரும்பகுதிக்கு உள்ளே கம்பி, அதைச் சுற்றி வலைபோல ஒரு கவசம் இருக்கும். நுனியில் மட்டும் கவசம் உரிக்கப்பட்டு மெல்லிய உள்கம்பி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அலையை வீசுவது இந்த நுனிதான். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 31 மில்லிமீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு சரியாக இதேதான். அந்தப் பொருத்தத்தைப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் அந்த 31 மில்லிமீட்டர் இருந்த இடம்தான் பிரச்சினை. மோட்டார் மாற்றியபோது ஒயர்கள் மூடிக்குள் அடங்கவில்லை என்று சிவப்பு, கறுப்பு மோட்டார் ஒயர்களோடு இதையும் சேர்த்துச் சுருட்டி, பேட்டரி அறையின் பக்கவாட்டில் நானே செருகியிருக்கிறேன். நுனி கொக்கிபோல மடிந்து, தன் கவசத்தின் மேலேயே படுத்திருந்தது. ஒரு பக்கம் பேட்டரியின் உலோகத் தகடுகள், மறுபக்கம் செம்பு ஒயர்கள். வெளியே போக வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

சாமணத்தால் மெதுவாக நிமிர்த்தினேன். கம்பி உடையவில்லை. போர்டில் சால்டர் இருக்கும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், வெடிப்பு இல்லை. நுனியை மூக்குப்பக்கத்துப் பிளாஸ்டிக் சுவரை ஒட்டி நேராக நிறுத்தி, கவசம் உள்ள பகுதியில் மட்டும் ஒரு பொட்டு ஹாட் க்ளூ வைத்தேன். மோட்டார் ஒயர்களை எதிர்ப்பக்கம் தள்ளி, பிளாஸ்டிக் டேப்பால் கட்டினேன். இதைச் செய்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை: நுனி நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள், அந்த நீளம்தான் அதன் உயிர். அந்தப் பக்கம் அலுமினிய டேப் எதையும் ஒட்டாதீர்கள்.

மூடுவதற்கு முன்பே மறுபடி ஸ்டூல் சோதனை. அதே பத்து மீட்டர், அதே கைப்பிடி. மைனஸ் 52. பன்னிரண்டு டெசிபல் திரும்பக் கிடைத்திருக்கிறது. 6 டெசிபலுக்கு தூரம் இரண்டு மடங்காகும் என்றால், பன்னிரண்டுக்கு நான்கு மடங்கு.

சனிக்கிழமை காலை காற்றில்லாத நேரமாகப் பார்த்து மைதானத்துக்குப் போனேன். 25 மீட்டர் சத்தமில்லாமல் கடந்தது. 50. கோடியில் இருக்கும் கம்பத்தைத் தொட்டுத் திரும்பும்வரை படம் ஒரே ஒருமுறை லேசாகச் சிதறியது, அதுவும் நான் ட்ரோனைத் தரையோடு தரையாக ஓட்டியபோது. அதற்கும் காரணம் உண்டு. ரேடியோ அலைக்கு ட்ரோனுக்கும் போனுக்கும் நடுவே ஒரு கோடு மட்டும் தெரிந்தால் போதாது, கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 100 மீட்டர் தூரத்துக்கு, நடுப்பகுதியில் கோட்டைச் சுற்றி சுமார் 1.8 மீட்டர். தரையோ புதரோ அதற்குள் வந்தால் சிக்னல் மங்கும். நாலு மீட்டர் உயரத்துக்கு ஏற்றியதும் படம் தெளிந்துவிட்டது.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. என்னிடம் இருக்கும் இரண்டு பேட்டரிகளில் பழையதைப் போட்டு முழு வேகத்தில் மேலே ஏற்றியபோது மறுபடியும் படம் போனது. இந்தத் தடவை சட்டென்று கறுத்தது, போனின் வைஃபை பட்டியலிலிருந்து ட்ரோனின் பெயரே காணாமல் போய், அரை நிமிடம் கழித்து வந்தது. கார்டை எடுத்துப் பார்த்தால் வீடியோ இரண்டு துண்டாக இருக்கிறது. முந்தைய கோளாறில் ஒரு தடவையும் அப்படி உடையவில்லை. மோட்டார்கள் ஒரே மூச்சில் இழுக்கும்போது பழைய பேட்டரியின் வோல்டேஜ் சரிந்து, கேமரா போர்டு அணைந்து எழுந்திருக்கிறது. சார்ஜ் முடிந்ததும் மல்டிமீட்டரில் 4.2 வோல்ட் காட்டுவதை நம்பி இருந்துவிட்டேன். சுமை இல்லாதபோது அது அப்படித்தான் காட்டும். அதன் வயிறும் லேசாக உப்பியிருக்கிறது. அதில் ஒரு சிவப்பு டேப் ஒட்டித் தனியாக வைத்துவிட்டேன், இனி அதைப் பறக்கவிட மாட்டேன். அடுத்த சனிக்கிழமை புதிய பேட்டரியோடு அதே வேகத்தில் ஏற்றி, கார்டில் வீடியோ ஒரே துண்டாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.