பூனை இறந்ததை எப்படிச் சொல்வது? மகளின் மெடிக்கல் இன்டர்வியூவுக்கு நாங்கள் தயாரான குளிர்காலம்

1999-ல் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அப்பாவோடு கவுன்சிலிங் போனது இன்னும் நினைவிருக்கிறது. கையில் கட்-ஆஃப், ரேங்க், காலியாக இருக்கும் இடங்களின் பட்டியல். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் கேட்டது எந்தக் காலேஜ், எந்த பிராஞ்ச் என்று மட்டும்தான். அடுத்த நான்கு வருடம் சில நிமிடங்களில் முடிவாகிவிட்டது. ஏன் இன்ஜினியரிங் என்று யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அதனால் லண்டனில் ஹாரோவில் வளர்ந்த என் மகள் மெடிசின் படிக்கப் போகிறேன் என்றபோது, என் கண்ணுக்கு மார்க் மட்டும்தான் தெரிந்தது. ஏ லெவலில், அதாவது இங்கத்திய பிளஸ் டூவில், மூன்று ஏ வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன். இங்கே மார்க் வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும், உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை நேரில் பேசிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்பது எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆனது. இப்போது பிள்ளைகளை இயர் 12-ல் (நம் பிளஸ் ஒன் மாதிரி) வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேதிகள். மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு. மெடிசினுக்கு யூகாஸ் (எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான விண்ணப்ப அமைப்பு) விண்ணப்பம் அக்டோபர் 15 மாலை 6 மணிக்குள் போயாக வேண்டும். அதில் போடக்கூடிய ஐந்து இடங்களில் நான்கைத்தான் மெடிசினுக்குப் போட முடியும். அதற்கு முன்பே, கோடையில், யூகேட் என்ற மெடிசின் நுழைவுத் தேர்வை எழுதி முடித்திருக்க வேண்டும் (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அந்தக் கட்டணத்தில் உதவி உண்டு, தயங்காமல் கேளுங்கள்). இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரிந்த ஒரு குடும்பம் இதில் மிகவும் கஷ்டப்பட்டது. ஒர்க் விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு, படிப்பு தொடங்கும் நாளுக்குள் ஐ.எல்.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான். இங்கிலாந்தில் 2025-26-ல் உள்ளூர் கட்டணம் 9,535 பவுண்டு. வெளிநாட்டுக் கட்டணம் மெடிசினுக்குப் பல இடங்களில் வருடத்துக்கு 40,000-ஐத் தாண்டும், இடங்களும் மிகக் குறைவு. இந்தக் கணக்கை இயர் 10-லேயே போட்டுப் பாருங்கள்.

சரி, இன்டர்வியூவுக்கு வருவோம். மகள் போட்ட நான்கில் ஒரு இடம் கூப்பிடவே இல்லை. ஒன்று ஆன்லைனில், இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து கேட்பது. மற்ற இரண்டும் எம்.எம்.ஐ., அதாவது பல சின்ன இன்டர்வியூக்களை வரிசையாக வைப்பது. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை, இப்போது பிரிட்டனில் பெரும்பாலான மெடிக்கல் காலேஜ்களில் இதுதான். வரிசையாக ஸ்டேஷன்கள் இருக்கும். கதவுக்கு வெளியே ஒரு அட்டையில் சூழ்நிலையை எழுதி வைத்திருப்பார்கள், அதைப் படிக்க ஒன்றிரண்டு நிமிடம். பெல் அடித்ததும் உள்ளே போய் ஐந்திலிருந்து பத்து நிமிடம் பேச வேண்டும், மறுபடி பெல், அடுத்த கதவு. ஒரு அறையில் சொதப்பினாலும் அடுத்த அறையில் இருப்பவருக்கு அது தெரியாது. இதைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், முந்தின அறையை மனசில் சுமந்துகொண்டு போகிறவர்கள்தான் அடுத்ததையும் கோட்டை விடுகிறார்கள்.

வீட்டில் பயிற்சி ஆரம்பித்தோம். எல்லோரும் பழகிப் பார்க்கும் ஒரு கேள்வி உண்டு: வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டு அம்மாவின் பூனைமேல் ஏற்றிவிட்டீர்கள், பூனை இறந்துவிட்டது, போய் அவரிடம் சொல்லுங்கள். சமையலறை மேஜையில் நான் பக்கத்து வீட்டு அம்மாவாக உட்கார்ந்தேன். போனில் ஐந்து நிமிட டைமர். மகள் வந்தாள், ஒரே மூச்சில் நடந்ததைச் சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள், வேறு பூனை வாங்கித் தருகிறேன் என்றாள். நாற்பது நொடியில் முடிந்துவிட்டது. மீதி நான்கு நிமிடத்துக்கு மேல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. குழந்தையிடம் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கேள்வி வந்தால் பதில், பிரச்சினை வந்தால் தீர்வு, அதுவும் மற்றவர்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று நாங்கள்தானே பழக்கினோம்? பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, உன்னைப் பற்றி நீயே பெருமை பேசாதே என்று சொல்லித்தானே வளர்த்தோம்? நல்ல வளர்ப்புதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறையில் பரீட்சை எழுதுவதுபோலப் பதில் சொல்வதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கஷ்டத்தில் இருக்கும் ஒருவரோடு இந்தப் பெண்ணால் கொஞ்ச நேரம் சேர்ந்து உட்கார முடியுமா என்றுதான் பார்க்கிறார்கள். பூனையின் பெயர் என்ன, எத்தனை வருடமாக வளர்த்தீர்கள், வீட்டில் உங்களோடு யாராவது இருக்கிறார்களா? இதையெல்லாம் கேட்பதற்குத்தான் அந்த ஐந்து நிமிடம்.

எதிக்ஸ் கேள்விகளிலும் இதே கதைதான். வலிப்பு வந்த நோயாளி, ஓட்டக் கூடாது என்று சொன்ன பிறகும் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார், என்ன செய்வீர்கள்? என் முதல் பதில், உடனே புகார் கொடுக்க வேண்டும் என்பதுதான். டாக்டர்களுக்கு விதிமுறை வகுக்கும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் வழிகாட்டுதலைப் படித்தபோதுதான் அதில் உள்ள படிகள் தெரிந்தன. ஏன் ஓட்டுகிறார் என்று கேட்க வேண்டும், ஆபத்தைப் புரியவைக்க வேண்டும், டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் டி.வி.எல்.ஏ.வுக்கு அவரே சொல்லும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். அப்போதும் கேட்கவில்லை என்றால்தான் டாக்டர் சொல்வது, அதையும் அவரிடம் தெரிவித்துவிட்டு. பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அங்கே உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு படியையும் எதற்காக எடுக்கிறோம் என்று வாய்விட்டு யோசிக்க வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், நடுவில் மனசை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் காலத்து வைவாவில் "தெரியாது சார்" என்றால் கதை முடிந்தது, இங்கே அப்படி இல்லை.

அனுபவம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த டாக்டர் யாருமே இல்லையே, ஆஸ்பத்திரியில் நின்று பார்க்க யாரைக் கேட்பது என்று நான் ரொம்பக் கலங்கினேன். கடைசியில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முதியோர் கேர் ஹோமில் சனிக்கிழமைகளில் தன்னார்வலராகப் போனாள், தமிழ்ப் பள்ளி முடிந்ததும் நேராக அங்கே. டீ கொடுப்பது, பேச்சுத் துணைக்கு இருப்பது, அவ்வளவுதான். மறதி நோயுள்ள ஒரு பாட்டி பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். முதல் வாரம் இவள் பஸ்ஸெல்லாம் இல்லை, நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள் என்று உண்மையைச் சொல்ல, அவர் அழுதுவிட்டார். அடுத்த வாரம் அதே கேள்வி வந்தபோது, "நீங்க எங்க போகணும்?" என்று கேட்டிருக்கிறாள். தங்கை வீட்டுக்கு என்றவர், தங்கையைப் பற்றி அரை மணி நேரம் பேசினாராம், பையைக் கீழே வைத்துவிட்டு.

இதை வீட்டில் சொன்னபோது அவள் பெரிதாகவே நினைக்கவில்லை, "அது சும்மா நடந்ததும்மா" என்றாள். நான்தான் இதைச் சொல் என்று வற்புறுத்தினேன். ஆறு வருடம் பரதம், கணக்குப் போட்டி மெடல் எல்லாவற்றையும் விட இதுதான் வேலைக்கு ஆனது. நீ என்ன செய்தாய், எங்கே தப்பு செய்தாய், அடுத்த முறை எதை மாற்றினாய்? இந்த மூன்றும்தான் எந்த வடிவத்தில் வந்தாலும் அவர்கள் கேட்பது. எதற்கெடுத்தாலும் "நாங்கள் செய்தோம்" என்று சொல்லும் நம் பிள்ளைகளுக்கு "நான்" என்று சொல்லப் பழகுவதற்கே இரண்டு வாரம் பிடிக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூற்றுக்கணக்கான பவுண்டு வாங்கிக்கொண்டு சொல்லித் தரும் கோச்சிங்குக்கு நாங்கள் போகவில்லை. தெருவில் உள்ள ஒரு நர்ஸ் அக்காவும், மகளின் ஸ்கூல் டீச்சர் ஒருவரும் மாற்றி மாற்றி எதிரே உட்கார்ந்தார்கள். தெரியாத முகத்துக்கு முன்னால் பேசிப் பழகுவதுதான் பெரிய விஷயம், அம்மா எத்தனை முறை உட்கார்ந்தாலும் அம்மாதான். நான்கில் இரண்டு இடங்களில் ஆஃபர் வந்தது. மூன்றாவதில் இன்டர்வியூ முடிந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அதற்கு ஒரு வாரம் அழுதாள், அழட்டும் என்று விட்டோம்.

வடக்கே ஒரு ஊரில் கடைசி எம்.எம்.ஐ. ஜனவரிக் குளிரில் பாஸ்போர்ட்டும் தண்ணீர் பாட்டிலுமாக உள்ளே போனவள், மதியம் வெளியே வந்தாள். என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம். அப்புறம், "ஒருத்தங்ககிட்ட மட்டும் பேசி முடிக்கலம்மா, அதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு" என்றாள். "அவங்க நடிக்கத்தான் வந்திருக்காங்கன்னு தெரியும். இருந்தாலும் பாதியில விட்டுட்டு வந்த மாதிரியே இருக்கு." ரயில் லண்டன் யூஸ்டன் வந்து சேரும் வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.