நீங்க கேக்கலையே அண்ணா

செவ்வாய்க் கிரகத்தில் உயிர்த் தடயம் தேடும் ரோவர் வண்டிக்கு வேலை எழுதிக் கொடுப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க, நிலவியல் படித்த நாங்கள் ஐந்து பேர் போன ஜனவரியில் மூன்று நாள் ஒத்திகை நடத்தினோம். கட்டுப்பாட்டு அறை, கோட்டூர்புரத்தில் நண்பன் வீட்டு மாடி. செவ்வாய், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கிணறு வெட்டிக் கொட்டிய வெள்ளைக் களிமண் மேடு. ரோவர், எங்கள் ஜூனியர் ஒருவன். கையில் போன், பத்து மடங்கு லென்ஸ், டேப், சுத்தியல். எழுதியதை மட்டும் செய்ய வேண்டும், சொந்த மூளையைத் தொடக்கூடாது என்பது அவனுக்கு நிபந்தனை.

இடத்தைச் சும்மா பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்துக் களிக்கல்லில் டைனோசர் காலத்துச் செடிகளின் இலைத்தடம் கிடைக்கும். நுண்ணிய களிமண் உயிரின் மிச்சத்தை மூடிப் பத்திரமாக வைத்திருக்கும். ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ரோவருக்கு ஆக்சியா பிளானம் என்ற களிமண் சமவெளியைத் தேர்ந்தெடுத்திருப்பதும் அதற்காகத்தான். அந்த ரோவர் 2 மீட்டர் ஆழம் வரை துளைக்கும், மேல்மண்ணில் கதிர்வீச்சு எல்லாவற்றையும் சிதைத்திருக்கும் என்பதால். எங்களிடம் இருந்தது சுத்தியல்தான்.

வழிகாட்டியாக வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "ஜாய்ஸ்டிக் எல்லாம் கிடையாதுப்பா." பூமியிலிருந்து சிக்னல் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். அதனால் ஒரு நாள் வேலையை ஒரே கட்டாக அனுப்பிவிட்டு, செவ்வாயைச் சுற்றும் கலன் ரோவரின் தலைக்கு மேல் கடக்கும்போது வருவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எங்களுக்கும் அதே கணக்கு. காலையில் ஒரு வாட்ஸ்அப், மாலையில் பத்துப் படம். ஒரு நாளைக்கு 100 யூனிட் கரண்ட் என்று வைத்துக்கொண்டோம். ஒரு மீட்டர் நடக்க 5, சாதாரணப் படம் 2, லென்ஸ் படம் 10, கல்லை உடைக்க 40. நாசாவின் பெர்சிவியரன்ஸ் ரோவர் குழு முதல் 90 சோல், அதாவது செவ்வாய் நாள், செவ்வாய் நேரத்துக்கே வேலை பார்த்தது. ஒரு சோல் 24 மணி 39 நிமிடம், தினமும் தூக்கம் நகர்ந்துகொண்டே போகும். எங்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. ஒன்பது மணிக்கு டீயோடு ஆரம்பித்தோம்.

முதல் நாள் வீண். "இடப்பக்கக் கல்லை லென்ஸில் எடு" என்று எழுதியிருந்தோம். படத்தில் அது இடப்பக்கம்தான். ஆனால் அவன் மூன்று மீட்டர் நடந்து திரும்பி நின்ற பிறகு அவனுடைய இடப்பக்கம் வேறு. காய்ந்த சாணியை மிக அழகாகப் படம் எடுத்து அனுப்பினான். உயிர்த் தடயம் என்னவோ கிடைத்துவிட்டது! அன்றிலிருந்து வடக்கு, கிழக்கு, எத்தனை டிகிரி என்றுதான் எழுதினோம்.

இரண்டாம் நாள் காலையில் மேற்கே இருந்த கல்லை எடுக்கச் சொன்னோம். சூரியன் அவன் முதுகுக்குப் பின்னால். கல் முழுக்க அவன் நிழல். நிஜ ரோவருக்கும் இந்தக் கணக்கு உண்டு, எத்தனை மணிக்கு எதன் நிழல் எங்கே விழும் என்று.

மாலையில்தான் பெரிய சண்டை. ஒரு கல்லில் கருப்புப் புள்ளிகள். 2024இல் செவ்வாயின் ஜெசிரோ பள்ளத்தில் பெர்சிவியரன்ஸ் பார்த்த சிறுத்தைப் புள்ளிப் பாறை ஞாபகம் வந்து நான் உடைத்தே ஆக வேண்டும் என்றேன். அந்த மாதிரிப் புள்ளிகளை நுண்ணுயிர்களும் உண்டாக்கலாம், உயிரில்லாத வேதிவினையும் உண்டாக்கலாம். இன்னொருவன், அதை விட்டுவிட்டு அடுக்கடுக்காகத் தெரியும் கரைக்கு நடக்கலாம் என்றான். பட்டியல் பதினான்கு வேலைக்கு நீண்டது, கரண்ட் பாதிக்கே போதும். சார் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டார்: "இது வந்தா நாளைக்கு உங்க முடிவு மாறுமா?" மாறாது என்றால் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார். எனக்குப் பிடித்த மூன்று படங்கள் அப்படித்தான் போயின. கோபம்தான், ஆனால் அவர் கேட்டது சரி. கல் உடைப்பு தப்பியது.

மூன்றாம் நாள் உடைத்தால், கருப்பு தோலோடு சரி. உள்ளே வெள்ளைக் களி. வெறும் இரும்புக் கறை.

நான்காம் நாள் எல்லோரும் பஸ் ஏறி அங்கே போனோம். முதல் நாள் அவன் நின்ற இடத்துக்கு இரண்டடி பின்னால், விரல் நீளத்துக்கு, சீப்புப் பல் போல வரிசையாக ஓர் இலைத்தடம். சார் குனிந்து பார்த்து, "டிலோஃபில்லம்" என்றார். டைனோசர் காலத்துச் செடி. நான் ஜூனியரைத் திரும்பிப் பார்த்தேன்.

"முதல் நாளே பார்த்துட்டேன் அண்ணா. நீங்க கேக்கலையே."