சமன் செய்தால் போதும்

5 ஜனவரி 2019, சனிக்கிழமை, ஷார்ஜா

ஆசியக் கோப்பை இன்றிரவு அபுதாபியில் தொடங்கியது. தொடங்கிய கையோடு எங்கள் அறையில் வாக்குவாதமும் தொடங்கிவிட்டது. 78-வது நிமிடத்தில் பஹ்ரைன் கோல் அடித்து முந்தியது. 88-வது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை அகமது கலீல் கோலாக்கி, போட்டியை நடத்தும் அமீரகத்தின் மானத்தைக் காப்பாற்றினார். இவ்விரு அணிகளோடும் தாய்லாந்தோடும் ஒரே பிரிவில்தான் இந்தியாவும் ஆடுகிறது. ஆட்டம் 1-1 என முடிந்தது இந்தியாவுக்கு நல்லதா, கெட்டதா என்பதில்தான் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் இந்த அறையில் நாங்கள் நான்கு பேர். மலப்புரத்து இக்கா, கொல்கத்தா தாதா, தூத்துக்குடி அண்ணாச்சி ஆகியோருடன் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த நான். அண்ணாச்சிக்குக் கிரிக்கெட்தான் உயிர். மற்ற மூவரும் கத்துவதால் தூங்க முடியாமல் கால்பந்து பார்ப்பவர். தாதாவின் நம்பிக்கையின்மைக்கு ஆதாரம் உண்டு. 2011-இல் தோஹாவில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் நான்கு, பஹ்ரைனிடம் ஐந்து, தென் கொரியாவிடம் நான்கு என மூன்றே ஆட்டங்களில் 13 கோல்கள் வாங்கி இந்தியா வீடு திரும்பியதை அவர் எண் பிசகாமல் ஒப்பிக்கிறார். இக்காவோ அண்மைக் கணக்கைக் காட்டுகிறார்: அக்டோபரில் சீனாவின் சுஜோ நகரில் 0-0, ஒன்பது நாள் முன்பு ஓமனுடன் 0-0. அதோடு இம்முறை முதன்முதலாக 24 அணிகள் ஆடுவதால், ஆறு பிரிவுகளிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவை மட்டுமன்றி, மூன்றாம் இடம் பெறுபவற்றில் சிறந்த நான்கும் அடுத்த சுற்றுக்குப் போகும். இதே முறையில் நடந்த 2016 யூரோவில், அதாவது ஐரோப்பியக் கோப்பையில், மூன்று ஆட்டங்களையும் சமன் செய்து, மூன்றாவதாகத் தேறிய போர்ச்சுகல் கடைசியில் கோப்பையையே தூக்கிச் சென்றதை இக்கா இன்று மட்டும் நான்கு முறை நினைவூட்டினார்.

என் பங்குக்கு நான் சொன்னது ஒன்றுதான். 23 பேர் கொண்ட பட்டியலில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. எங்கள் கடற்கரைப் பிள்ளை மைக்கேல் சூசைராஜின் பெயரைத் தேடி ஏமாந்தேன். சென்னையின் எஃப்.சி.க்கு ஆடும் அனிருத் தாபாவும் ஜேஜேயும் இருக்கிறார்கள் என்பதை வைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

6 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

தாய்லாந்துடனான ஆட்டம் மாலை ஐந்தரைக்கு என்பதால் முதல் பாதியை அலுவலக மேசைக்கடியில் கைப்பேசியை மறைத்து வைத்துப் பார்த்தேன். ஆஷிக் குருணியனின் பந்து எதிரணியினர் ஒருவரின் கையில் பட, 27-வது நிமிடத்தில் சுனில் சேத்ரி பெனால்டியில் கோல் அடித்தார். ஆறு நிமிடத்தில் தேராசில் டாங்டா தலையால் முட்டிச் சமன் செய்தார். இரண்டாம் பாதியைத் தெருமுனைக் கஃபெட்டீரியாவில் நின்றபடி பார்த்தேன். சுலைமானித் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தவர் உதாந்தா சிங் வலப்பக்கம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துக் குவளை வழிவதைக் கவனிக்கவில்லை. அந்தப் பந்து ஆஷிக் வழியாகச் சேத்ரியிடம் வந்து வலைக்குள் போனபோது இரண்டாம் பாதி தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு 68-வது நிமிடத்தில் தாபா, 80-வது நிமிடத்தில் ஜேஜே. 4-1.

ஆசியக் கோப்பையில் இந்தியா கடைசியாக ஓர் ஆட்டத்தில் வென்றது 1964-இல். சேத்ரிக்கு இப்போது 67 சர்வதேசக் கோல்கள், மெஸ்ஸிக்கு 65 என்ற செய்தியை இக்கா ஊரிலுள்ள எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். தாதா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தாய்லாந்துதான் இந்தப் பிரிவின் மிக எளிய அணி என்றார். நேற்றுவரை அவர் அப்படிச் சொன்னதில்லை.

7 ஜனவரி, திங்கட்கிழமை

தாய்லாந்து தன் பயிற்சியாளர் மிலோவன் ரயேவாச்சை ஒரே தோல்விக்குப் பிறகு நீக்கிவிட்டது. நம்மிடம் தோற்றதற்கு வேலையே போகிறதென்றால் நம்மை அவர்கள் எவ்வளவு குறைவாக மதித்திருக்கிறார்கள் என்று அண்ணாச்சி கேட்டார். கால்பந்து பற்றி அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி இது.

10 ஜனவரி, வியாழக்கிழமை, நள்ளிரவு கடந்து

வார இறுதி தொடங்கும் நாள் என்பதால் அலுவலகத்திலிருந்து நேராகக் கிளம்பி, இக்காவின் நண்பர் வண்டியில் அபுதாபி சென்றோம். வழியிலேயே செய்தி வந்தது: துபாயில் தாய்லாந்து 1-0 என்று பஹ்ரைனை வென்றுவிட்டது, கோல் சனாதிப்புடையது. வண்டியில் பேச்சு நின்றது. பஹ்ரைன் வெல்லும் அல்லது சமன் செய்யும் என்ற நினைப்பில்தான் நாங்கள் எல்லாக் கணக்கையும் போட்டிருந்தோம்.

ஜாயித் ஸ்போர்ட்ஸ் சிட்டி அரங்கில் அமீரகத்துடன் இந்தியா இன்று ஆடிய ஆட்டத்தை, 0-2 என்ற முடிவை மட்டும் படிப்பவர்களுக்கு விளக்கவே முடியாது. சேத்ரி மிக அருகிலிருந்து தலையால் முட்டிய பந்தைக் கோல்காவலர் காலித் ஈசா எப்படித் தடுத்தார் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. 41-வது நிமிடத்தில் கல்ஃபான் முபாரக் அடித்த கோலுக்குப் பின்னும் நம்மவர்கள் தளரவில்லை. உதாந்தாவின் அடி குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 88-வது நிமிடத்தில் அலி மப்கூத் இரண்டாவது கோலை அடித்த பிறகும் சந்தேஷ் ஜிங்கன் தலையால் முட்டிய பந்து அதே போலக் கம்பத்தில் மோதியது. எங்களுக்குப் பின்னால் அமர்ந்திருந்த அமீரகத்துப் பெரியவர் ஒருவர் எழுந்துபோகும்போது எங்கள் தோள்களைத் தட்டிவிட்டுச் சென்றார். தோற்றவர்களுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

திரும்பும் வழியில் இரண்டு மணிநேரமும் ஒரே தர்க்கம். நன்றாக ஆடித் தோற்றோம் என்பது இக்காவின் கட்சி. நன்றாக ஆடினோம் என்ற சொல்லுக்குப் புள்ளிப் பட்டியலில் கட்டம் கிடையாது என்பது தாதாவின் கட்சி.

11 ஜனவரி, வெள்ளிக்கிழமை

விடுமுறை. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். கணக்கெழுதிப் பிழைப்பவனாகையால் இந்த வேலையை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. இதுவரை புள்ளிகள்: அமீரகம் 4, இந்தியா 3, தாய்லாந்து 3, பஹ்ரைன் 1. திங்கட்கிழமை இரவு ஒரே நேரத்தில் ஷார்ஜாவில் நாம் பஹ்ரைனுடனும், அல் ஐனில் அமீரகம் தாய்லாந்துடனும் ஆடுகின்றன.

வென்றால் ஆறு புள்ளிகளுடன் முதல் இரண்டு இடங்களில் ஒன்று உறுதி, அதில் பேச்சில்லை. சமன் செய்தால் நான்கு புள்ளிகள். அப்போது அல் ஐனில் அமீரகம் வென்றாலும் நாம் இரண்டாமிடம், அங்கும் சமன் என்றாலும் நாம் இரண்டாமிடம். பின்னதைத் தாதா ஒப்புக்கொள்ள முக்கால் மணி நேரமாயிற்று. நமக்கும் தாய்லாந்துக்கும் புள்ளிகள் சமமானால் மொத்தக் கோல் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள் என்று அவர் நினைத்திருந்தார். ஆசியக் கோப்பையில் முதலில் பார்ப்பது அவ்விரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய முடிவை என்பதால் 4-1 நமக்குக் கவசமாக நிற்கிறது. தாய்லாந்து வென்றால் மட்டும் நாம் மூன்றாமிடத்துக்கு இறங்குவோம்; ஆனால் 2016 யூரோவில் மூன்றாமிடத்தில் நான்கு புள்ளிகள் எடுத்த எந்த அணியும் வெளியேறவில்லை.

தோற்றால்தான் சிக்கல். பஹ்ரைன் நான்கு புள்ளிகளுக்கு ஏறிவிடும். அமீரகம் தாய்லாந்தை வென்றாலொழிய நமக்குக் கடைசி இடம். அமீரகம் வென்றாலும் மூன்று புள்ளிகளோடு மற்ற பிரிவுகளின் மூன்றாமிடக்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். மூன்று புள்ளிகள் எடுத்த வட அயர்லாந்து 2016-இல் உள்ளே போனது. அதே மூன்று புள்ளிகள் எடுத்த அல்பேனியாவும் துருக்கியும் கோல் வித்தியாசம் மைனஸ் இரண்டாக இருந்ததால் வெளியே நின்றன.

ஆக, ஒரு புள்ளி போதும். இதைச் சிவப்பு மையால் வட்டமிட்டவன் நான்தான். சமனுக்காக ஆடத் தெரிந்த அணியா இது என்று இக்கா தயங்கினார்; ஓடி ஆடும்போதுதான் உதாந்தாவும் ஆஷிக்கும் பயன்படுவார்கள், பின்வாங்கி நின்றால் அவர்களுடைய கால்களை நாமே கட்டிப்போட்டதாகும் என்றார். சீனாவிடமும் ஓமனிடமும் கோல் வாங்காமல் நின்றவர்கள்தானே என்று நான் மடக்கினேன். அந்த இரண்டும் நட்பு ஆட்டங்கள் என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை. டெஸ்ட் ஆட்டத்தில் ஐந்தாம் நாள் முழுக்கக் கட்டை போட்டு நிற்பதற்கும் ஒரு மனசு வேணும்லா, அது எல்லாருக்கும் வாய்க்காது என்று அண்ணாச்சி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். அவரைக் கிரிக்கெட்டோடு நிறுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டோம்.

14 ஜனவரி, திங்கட்கிழமை, பின்னிரவு

ஷார்ஜா அரங்கிலிருந்து நடந்தே அறைக்கு வந்தோம். யாரும் சாப்பிடவில்லை.

அணியில் ஒரே மாற்றம்: தாபாவை உட்கார வைத்து, ரவுலின் போர்ஜஸைச் சேர்த்திருந்தார் பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன். தாக்கத் தெரிந்த கால் ஒன்று போய்த் தடுக்கத் தெரிந்த கால் ஒன்று வந்தபோதே இன்றைய எண்ணம் என்னவென்று தெரிந்துவிட்டது. என் சிவப்பு வட்டத்தைப் பார்த்து அணியைத் தேர்ந்தெடுத்ததுபோல் இருந்தது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அனஸ் எடத்தொடிகா காயத்தோடு வெளியேற, சலாம் ரஞ்சன் சிங் உள்ளே வந்தார். அனஸ் இக்காவின் மாவட்டத்துக்காரர். தன் வீட்டுப் பிள்ளை விழுந்ததுபோல இக்கா எழுந்து நின்றவர், வெகுநேரம் உட்காரவே இல்லை.

அதன் பின் பந்து பெரும்பாலும் பஹ்ரைன்காரர்களிடமே இருந்தது. நம்மவர்கள் பந்தைக் கைப்பற்றுவதும், முன்னால் தனித்து நிற்கும் சேத்ரியை நோக்கி நெடுக உதைப்பதும், அது திரும்பி வருவதுமாக நேரம் நகர்ந்தது. குர்பிரீத் சிங் கோல் முன் மலைபோல் நின்றார். தாதா கைப்பேசியில் அல் ஐனைக் கவனித்துக்கொண்டிருந்தார்: ஏழாவது நிமிடத்தில் மப்கூத், 41-வது நிமிடத்தில் தாய்லாந்தின் திதிபான், 1-1, அங்கே அதன் பிறகு எதுவும் நடக்கவில்லை. அரங்கின் கடிகாரம் தொண்ணூறைத் தொட்டபோது இரண்டு ஆட்டங்களும் சமன். நாம் பிரிவில் இரண்டாமிடம். மூன்று நாளாகக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த கணக்கு எழுத்துப் பிசகாமல் களத்தில் நிறைவேறிக்கொண்டிருந்தது.

கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்தில், இன்றைக்குத் தலைவராக ஆடிய பிரணாய் ஹால்தார், பெனால்டிப் பெட்டிக்குள் பந்தோடு நுழைந்த பஹ்ரைனின் முகமது மர்ஹூனின் காலைத் தட்டிவிட்டார். பெனால்டியை ஜமால் ராஷித் அடித்தார். குர்பிரீத் பாய்ந்தும் பயனில்லை.

மிச்சமிருந்த சில நிமிடங்களில் நாங்கள் நால்வரும் களத்தைப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அமீரகம் ஒரு கோல் அடிக்காதா என்று தாதாவின் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கு நாள் முன்பு எந்த மப்கூத்தைத் திட்டினோமோ, அவர் பெயரை அண்ணாச்சி முருகன் பெயரோடு சேர்த்து முணுமுணுத்தார். அல் ஐனில் 1-1 என்றே முடிந்தது. அமீரகம் 5, தாய்லாந்து 4, பஹ்ரைன் 4, இந்தியா 3.

15 ஜனவரி, செவ்வாய்க்கிழமை

கான்ஸ்டன்டைன் நேற்றிரவே பதவி விலகிவிட்டார். கஃபெட்டீரியாவில் பாதிப் பேர் அவரையும் பாதிப் பேர் பிரணாயையும் திட்டுகிறார்கள். ஆட்டத்தின் ஒன்றரை மணி நேரமும் நடுக்களத்தில் அதிகம் ஓடியவர் பிரணாய்தான். களைத்த காலால் வந்த தவறு அது. மறுபடி மறுபடி நம் பெட்டிக்குள் பந்தை வரவிட்டால் ஏதோவொரு கால் ஒரு நேரம் பிந்தத்தான் செய்யும். ஆகையால் நான் கான்ஸ்டன்டைன் கட்சிக்கு எதிர்க்கட்சியில் சேரலாமென்று பார்த்தால், குளிர்பதனப் பெட்டியின் கதவில் என் கையெழுத்து இருக்கிறது. இக்கா இன்னும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

17 ஜனவரி, வியாழக்கிழமை

பிரிவு ஆட்டங்கள் இன்றோடு முடிந்தன. மூன்றாமிடக்காரர்களில் பஹ்ரைன் நான்கு புள்ளிகள்; கிர்கிஸ்தானும் ஓமனும் மூன்று புள்ளிகள், கோல் வித்தியாசம் பூஜ்யம். கடைசி இடத்துக்கு வியட்நாமும் லெபனானும் மூன்று புள்ளிகள், மைனஸ் ஒன்று, அடித்த கோல்கள் நான்கு என எல்லாவற்றிலும் ஒன்றாக நிற்க, மஞ்சள் அட்டைகள் குறைவாக வாங்கிய வியட்நாம் உள்ளே போனது. வட கொரியாவை 4-1 என்று வென்ற லெபனான், ஐந்தாவது கோல் ஒன்று இல்லாமல் வெளியே நிற்கிறது.

நமக்கும் மூன்று புள்ளிகள்தான். அடித்தது நான்கு, வாங்கியது நான்கு, வித்தியாசம் பூஜ்யம். வியட்நாமைவிட ஒரு படி மேல். ஆனால் நாம் மூன்றாமிடத்தில் இல்லை, நான்காமிடத்தில் இருக்கிறோம். அல் ஐனில் அமீரகம் இன்னொரு கோல் அடித்திருந்தால் போதும், தோற்ற நிலையிலேயே தேறியிருப்போம் என்று நான் கூட்டிக் கழித்துக் காட்டியபோது, தாதா மெல்ல எழுந்துபோய் அந்த நாட்காட்டித் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

20 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

நாம் நழுவவிட்ட இரண்டாமிடத்தில் ஏறிய தாய்லாந்து இன்று அல் ஐனில் சீனாவைச் சந்தித்தது. முதல் பாதியில் கோல் அடித்து முந்திய தாய்லாந்து, இரண்டாம் பாதியில் நான்கு நிமிட இடைவெளியில் இரண்டு கோல்கள் வாங்கி 1-2 என்று தோற்றது. சுஜோவில் இதே சீனாவோடு நாம் 0-0 ஆடியதை இக்கா சொல்ல வாயெடுத்தார். தாதா ஒலியைக் கூட்டினார். அண்ணாச்சி ஆட்டம் முடியும்வரை தூங்காமல் பார்த்தார். காலிறுதி என்றைக்கு என்றும் அவர்தான் கேட்டார்.