வாசனையை மறைப்பதுதான் பெரும்பாடு

கோத்தகிரியில் எங்கள் பாட்டிக்கு முழங்கால் வலித்தால் விண்டர்கிரீன் தைலம்தான். தேங்காயெண்ணெயில் நாலு சொட்டு விட்டுத் தேய்ப்போம், வீடே மணக்கும். மருந்தியல் முதுகலைப் படிப்பான எம்.ஃபார்மில் ஆய்வுக்குத் தலைப்பு கேட்டதும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

அந்தத் தைலம் தரும் கோல்தேரியா என்ற புதர்ச்செடி நீலகிரியின் உயரமான சோலை ஓரங்களில் வளர்கிறது. இலையை முறையான அனுமதியோடு தைலம் காய்ச்சும் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். ஆய்வகத்தில், ஆவியோடு வரும் எண்ணெயைக் குளிரவைத்துப் பிரிக்கும் கிளெவெஞ்சர் கருவியில் தண்ணீரோடு போட்டு மூன்று மணி நேரம் கொதிக்க வைத்தேன். அறை முழுக்க வாசனை, குழாயில் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் அந்தப் பெரியவரிடமே போய் நின்றேன்.

"இலையை நசுக்கி ராத்திரியே வெதுவெதுப்பான தண்ணியில ஊறப் போட்டீங்களா தம்பி?" என்றார்.

போடவில்லை. இலைக்குள், தைலத்தின் முக்கியப் பொருளான மெத்தில் சாலிசிலேட் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. ஊறும்போது இலையிலுள்ள நொதிதான் அதைப் பிரித்துவிடுகிறது. இன்னொரு தவறும் செய்திருந்தேன். இந்தத் தைலம் தண்ணீரைவிடக் கனமானது. யூகலிப்டஸ் தைலம் போல மேலே மிதக்காது, அடியில் இறங்கும். நான் மாட்டியிருந்த குழாய் மிதக்கும் எண்ணெய்க்கானது. வந்த கொஞ்சமும் தண்ணீரோடு குடுவைக்கே திரும்பியிருக்கிறது. கனமான எண்ணெய்க்கான குழாயை மாற்றியதும், தண்ணீருக்கு அடியில் இளமஞ்சளாக ஒரு சொட்டு உருண்டு நின்றது. அதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வர மாதங்கள் ஆயின. அப்புறம் தைலம் வலியைக் குறைக்கிறதா என்று பார்க்கச் சுண்டெலிகளில் இரண்டு சோதனைகள். முதலாவதில் 55 டிகிரி சூட்டுத் தட்டில் எலி பின்னங்காலை நக்கும்வரை அல்லது குதிக்கும்வரை வினாடிகளைக் குறிக்க வேண்டும். 15 வினாடி ஆனால் கால் வெந்துவிடாமல் எடுத்துவிட வேண்டும். அடுத்தது வயிற்றில் வலி உண்டாக்கும் அசெட்டிக் அமில ஊசி. எலி வயிற்றை இழுத்துப் பின்கால்களை நீட்டும் ஒவ்வொரு முறையையும் எண்ண வேண்டும். 20 நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்கு எளிதாக இல்லை.

எண்ண ஆரம்பித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. எந்த எலிக்கு என்ன கொடுத்தோம் என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. ஆனால் தைலம் குடித்த எலியின் கூண்டு பக்கத்தில் போனாலே மணக்கிறது! தைலம் குணமாக்க வேண்டும் என்று ஆசைப்படும் நான் எண்ணினால் கை தானாகக் குறைத்தே குறிக்கும். வழிகாட்டியிடம் சொல்லி, அதுவரை எடுத்த கணக்கை ஒதுக்கிவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, வேறு கட்டடத்தில் இருந்த ஜூனியரை எண்ணச் சொன்னோம்.

அமிலச் சோதனையில் இழுப்புகள் குறைந்தன. சூட்டுத் தட்டில் பெரிய மாற்றம் இல்லை. ஆஸ்பிரின் வகை மருந்துகள் பொதுவாக நடந்துகொள்வது இப்படித்தான். மூளை வழியாக அடக்கும் மார்ஃபின் போல இது இல்லை. எலி குடித்ததை வைத்து, முழங்காலில் தேய்ப்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது என்று நான் எழுதவில்லை.

இந்தத் தைலம் ஒரு தேக்கரண்டியில், 325 மி.கி. ஆஸ்பிரின் மாத்திரை 20-க்கு மேல் விழுங்கியதற்குச் சமமான சாலிசிலேட் உண்டு. குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குத் தோல் வழியாகப் போவதே ரத்தக்கசிவை உண்டாக்கலாம். பாட்டி அந்த மாத்திரைதான் சாப்பிடுகிறார். ஊருக்குப் போனதும் தைலப் புட்டியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு, அவரை டாக்டரிடம் கூட்டிப் போனேன்.