வேலையை விட்ட பிறகும் வந்த சம்பளம்

வேலையை விட்டு சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. காலையில் எழுந்து போனைப் பார்த்தால் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: பழைய கம்பெனியின் பெயர், பக்கத்தில் என் முழு மாதச் சம்பளம், கடைசிச் சில்லறை வரைக்கும் அதே தொகை. ஃபைனல் செட்டில்மென்ட், அதாவது வேலையை விடுபவருக்குக் கணக்கு முடித்துக் கொடுக்கும் பணம், இரண்டு வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஆக, இது எனக்குச் சேர வேண்டிய பணம் இல்லை என்பது பார்த்த அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கப்புறம் 11 நாள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

காரணம் கோபம். எடுக்காமல் மிச்சமிருந்த விடுப்புக்குச் செட்டில்மென்டில் பணம் தர வேண்டும், அதில் 9 நாளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். இரண்டு முறை மெயில் போட்டும் பதில் இல்லை. அதனால் மனசு தானாகவே ஒரு நியாயம் கட்டிக்கொண்டது: அவர்கள் எனக்குத் தர வேண்டியது இருக்கிறது, அது வேறு வழியாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். கூட வேலை பார்த்த நண்பனும், "அவங்களா கேட்கிற வரைக்கும் பேசாம இரு" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் இந்த நிலைமையில் ஒருவர் கேட்கக்கூடிய மோசமான யோசனை அதுதான் என்று இன்றைக்கு நினைக்கிறேன். விடுப்புப் பணம் ஒரு கணக்கு, தவறாக வந்த சம்பளம் வேறொரு கணக்கு. இரண்டையும் நாமாகவே கழித்துக்கொண்டால், நியாயமாகக் கேட்க வேண்டிய அந்த 9 நாளையும் தலை நிமிர்ந்து கேட்க முடியாமல் போய்விடும்.

12ஆவது நாள் சம்பளச் சீட்டைப் பதிவிறக்கிப் பார்த்தேன். பழைய லாகின் இன்னும் வேலை செய்தது, அதுவே ஒரு தடயம். 'கடைசி வேலை நாள்' என்ற கட்டம் காலியாக இருந்தது. எச்ஆர் பக்கம் என்னை விடுவித்துக் கடிதம் கொடுத்தாயிற்று, ஆனால் சம்பள மென்பொருளில் அந்தத் தேதியை யாரும் ஏற்றவில்லை. மாதக் கடைசிக்குச் சில நாள் முன்பே சம்பளப் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் தேதி ஏறாவிட்டால் மென்பொருளுக்கு நாம் இன்னும் ஊழியர்தான், வங்கிக்குப் போகும் கோப்பில் நம் பெயரும் போய்விடும். வேலையை விட்டவர்களுக்குக் கூடுதலாகப் பணம் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். விடுப்புப் பணத்தை இரண்டு முறை போட்டுவிடுவதும், மாதத்தின் நடுவில் நின்றவருக்கு முழு மாதச் சம்பளம் போடுவதும் உண்டு.

"தப்பு அவங்களோடது, நான் ஏன் திருப்பித் தரணும்?" என்று கேட்பவர்கள் நிறைய. இங்கிலாந்தில் 1841இல் கெல்லி எதிர் சோலாரி என்று ஒரு வழக்கு. பிரீமியம் கட்டாததால் காலாவதியான ஆயுள் காப்பீட்டுக்கு, அது காலாவதியானது என்பதையே மறந்து, இறந்தவரின் மனைவியிடம் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டது. கொடுத்தவர் எவ்வளவு கவனக்குறைவாக இருந்திருந்தாலும், உண்மையிலேயே மறந்து கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்கலாம் என்றது நீதிமன்றம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 72ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கிறது: தவறுதலாகக் கொடுத்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் தவறாகக் கூடுதல் சம்பளம் போட்டுவிட்டுத் திடீரெனப் பிடிப்பது, ஓய்வுபெற்றவரிடம் போய்ப் பிடிப்பது போன்றவை கூடாது என்று அரசு ஊழியர் வழக்கு ஒன்றில் இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. அதெல்லாம் ஊழியருக்கே தெரியாமல் வருடக்கணக்கில் நடந்ததற்கு. என்னைப் போல, பார்த்ததுமே தெரிந்தவருக்கு அந்த நிழலில் ஒதுங்க இடமில்லை.

சரி, மெயில் போட்டேன். நான்கே வரி: இந்தத் தேதியில் இவ்வளவு வந்தது, என் கடைசி வேலை நாள் இது, பணத்தைத் தொடாமல் தனியாக வைத்திருக்கிறேன், எவ்வளவு, எப்படித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கணக்கோடு எழுதித் தாருங்கள். விடுப்புப் பிரச்சினையை அதில் கலக்கவில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. அதில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கைக்கு வந்ததைவிட அதிகமான தொகையைக் கேட்டிருந்தார்கள்! மொத்தச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், வரியும் சேமநிதியும் போக எனக்கு வந்தது 80. அவர்கள் கேட்டது 100. மீதி 20 என் கணக்குக்கு வரவே இல்லை.

இந்த இடத்தில் அவசரப்பட்டு அனுப்பிவிடக் கூடாது. அதே வரி ஆண்டுக்குள் திருப்பிக் கொடுத்தால், பிடித்த வரியை நிறுவனமே தன் கணக்கில் நேர்செய்துகொள்ள முடியும், அதனால் கைக்கு வந்ததை மட்டும் கொடுத்தால் போதும் என்பதுதான் பல நாடுகளில் நடைமுறை. வரி ஆண்டு தாண்டிவிட்டால் சிக்கல்: மொத்தத் தொகையையும் கேட்பார்கள், அந்த வரியை வரித்துறையிடமிருந்து நாம்தான் மீட்க வேண்டியிருக்கும். கனடாவில் 2016இல் மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கொண்டுவந்த பீனிக்ஸ் சம்பள மென்பொருளில் ஏராளமானோருக்குக் கூடுதலாகப் பணம் போய், ஆண்டு மாறியதால் கைக்கே வராத பணத்தையும் சேர்த்துக் கட்டச் சொன்ன கொடுமை நடந்தது. கைக்கு வந்ததை மட்டும் திருப்பினால் போதும் என்று விதியை மாற்றும் முன்மொழிவு 2019இல்தான் வந்தது. நான் இன்னும் இரண்டு மாதம் பேசாமல் இருந்திருந்தால் எனக்கும் ஆண்டு மாறியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

கணக்கைப் பிரித்துக் கேட்டு மறுபடி எழுதினேன். இந்த முறை சம்பளப் பிரிவிலிருந்து ஒரு பெண் போனிலேயே கூப்பிட்டார். சின்னக் குரல். "சார், உங்க பேரை நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். நீங்க சொல்லலைன்னா ஆடிட்லதான் தெரிஞ்சிருக்கும்" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 11 நாளாக நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தது கம்பெனி என்ற ஒரு பெயரின் மேல். மாட்டிக்கொள்ளப் போனது இந்தப் பெண். அன்றைக்கே 80 என்று திருத்திய கணக்கு வந்தது.

அனுப்புவதற்கு முன் மூன்று விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். மெயிலில் வந்த கணக்கு எண்ணை, என் பழைய நியமனக் கடிதத்தில் இருந்த அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டு உறுதி செய்தேன். கூடுதல் சம்பளத்தைத் திருப்பிக் கொடு என்று போலி மெயில் அனுப்பி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், வங்கி மூலமாகத் திரும்பப் பெறும் கோரிக்கை எதையும் போடவில்லை, போடவும் மாட்டோம் என்று எழுதி வாங்கினேன். இல்லாவிட்டால் நாமும் அனுப்பி, வங்கியும் எடுத்து, ஒரே பணம் இரண்டு முறை போய்விடும். மூன்றாவது, பணம் போய்ச் சேர்ந்ததும், கிடைத்தது, இனி பாக்கி இல்லை என்று ஒரு கடிதம் தர வேண்டும் என்றேன். தெரியாமல் செலவழித்துவிட்டவர்கள் தயங்காமல் தவணை கேளுங்கள். ஒரே மூச்சில் கட்டியாக வேண்டும் என்று யாராவது மிரட்டினால், தவணைத் திட்டத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கடிதம் கைக்கு வந்த மறுநாள் அந்த 9 நாள் விடுப்பு பற்றி, தனியாக, புதிய மெயில் எழுதினேன். 6 நாளுக்குப் பணம் வந்தது. மீதி 3 நாளுக்கு அவர்கள் காட்டிய வருகைப் பதிவு சரியாகவே இருந்தது. ஆண்டு முடிவில் வந்த வரிச் சான்றிதழில் அந்தக் கூடுதல் மாதத்துக்கு நேராகப் பூஜ்யம் போட்டிருந்தார்கள். சரிபார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.